நாலு பாத்தியும் ஒரு கேள்வியும்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் அரச ஊழியர்கள் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் நின்று பயிர் செய்யலாம் என்று அமைச்சரவை தீர்மானித்தது. எரிபொருள் இல்லாமையால் பாடசாலையும் அடிக்கடி மூடப்பட்டது. மாங்குளத்தில் என் வளவுக்குள் நாலு பாத்தி கட்டினேன். கத்தரி, வெண்டி, பயிற்றை, மிளகாய். சோளகக் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. காலையும் மாலையும் கிணற்றில் அள்ளி வாளியால் ஊற்ற வேண்டும்.

மனம் ஒரு நிலையில் இல்லாத நாட்கள் அவை. எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. சம்பளம் அரை மாதத்தைத் தாண்டவில்லை. பாத்தியருகே குந்தியிருந்து களை பிடுங்கும்போது மட்டும் மூச்சு சீராக வந்தது. ஏன் என்று யோசித்ததுண்டு. காய்த்தது சொற்பம், கறிக்குக்கூட ஒழுங்காகப் போதவில்லை. ஆகவே ஆறுதல் காயிலிருந்து வரவில்லை. நாட்டில் நான் செய்து முடிக்கக்கூடிய காரியம் எதுவும் அப்போது இருக்கவில்லை. வரிசையில் நாள் முழுக்க நின்றாலும் வெறுங்கையோடு திரும்பலாம். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினால் நிமிரும், ஊற்றாவிட்டால் வாடும். முயற்சிக்கு ஒரு பலன் உண்டு என்ற எளிய நியாயம் அந்த நாலு பாத்திக்குள் மட்டும் உயிரோடு இருந்தது.

இதையெல்லாம் அயலிலுள்ள விவசாயி ஒருவருக்கு ஒரு மாலை பெருமையாகச் சொன்னேன். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்ந்தபோது அவருடைய பெரும்போகத்துக்கு அது பிந்திவிட்டது. பயிர் மஞ்சளாகி நின்றது. விளைச்சல் பாதிகூடத் தேறவில்லை. மனைவியின் நகை அடகில் இருந்தது. அவர் வேலிக்கு மேலால் பார்த்துக் கேட்டார்:

"மண்ணிலை கை வைச்சா மனம் ஆறும் எண்டு சொல்லுறியள் சேர். நான் பிறந்ததிலையிருந்து மண்ணிலைதான் கை வைச்சிருக்கிறன். எனக்கு ஏன் ஆறேல்லை?"

பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு என் ஆறுதல் எனக்கே கூச்சமாக இருந்தது. குறைந்தாலும் நிச்சயமாக வரும் சம்பளத்தின் மேல் ஏறி நின்று அனுபவித்த சுகம்தானா அது?

அப்படியும் முடித்துவிட இயலாது. 2009இல் மெனிக் பாம் முகாமில், கூடாரத்து ஓரத்தில் முகம் கழுவிய தண்ணீரை விட்டு ஒரு முதியவர் கீரை வளர்த்தார். எப்போது வெளியே விடுவார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முதலாம் உலகப் போரில், பேர்லின் அருகே றூலெபென் முகாமில் அடைக்கப்பட்ட பிரித்தானியக் குடிமக்கள் 1916இல் தோட்டக்கலைச் சங்கமே அமைத்தார்கள். வசதியுள்ளவனுக்கு மட்டும் உரிய சுகம் என்றால் முகாம்களில் அது முளைத்திருக்காது.

வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. முதியவர் அந்தக் கீரையிடம் எதையும் மீட்டுத்தரும்படி கேட்கவில்லை. நானும் கத்தரியிடம் கேட்கவில்லை. விவசாயியோ தன் நெல்லிடம் நகையை, பிள்ளையின் படிப்பை, அடுத்த போகத்துக்கான முதலைக் கேட்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு பாரம் ஏற்றப்பட்ட மண் ஆறுதல் தராது. ஆகவே என் ஆறுதல் பொய்யல்ல. ஆனால் அதை அவருக்கு மருந்தாகச் சொன்னது பிழை. உரத்தை நிறுத்தியவர்களே பின்னர் வீட்டுத்தோட்டத்தைப் பரிகாரமாகக் காட்டியது அதைவிடப் பெரிய பிழை.

சில நாள் கழித்து என் மிளகாய் இலை சுருண்டது. பார்க்க வந்தவர் சுருண்டதைக் கிள்ளிப்போட்டுவிட்டு, கேளாமலே களை பிடுங்கத் தொடங்கினார். அரை மணி நேரம் இருவரும் பேசவில்லை. எழும்பும்போது சொன்னார்: "இது செத்தாலும் ஆருக்கும் கடனில்லை சேர்."

பிறகும் பல மாலைகள் வந்தார். நகை மீண்டதா என்று கேட்க எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.