சாவி கொடுக்கலாமா?

பேழையிலே கிடக்கிறது ஒரு கைக்கடிகாரம். ஆண்டுக்கு ஒரு நாள் வெளியே வருகிறது. மெல்லிய துணியால் துடைக்கப்படுகிறது; சாவி கொடுக்கப்படுகிறது; காதருகே வைத்துக் கேட்கப்படுகிறது. 'ஓடுகிறது!' என்ற களிப்பு முகத்திலே மலர்ந்ததும், மீண்டும் பேழைக்குள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ அது நின்றுவிடும். எப்போது நின்றது என்பது எவருக்கும் தெரியாது, எவரும் பார்ப்பதில்லை.

நம் தந்தையாரின் கடிகாரம் அது. அது வெளியே வரும் அந்த ஒரு நாள், அவர் நம்மை விட்டுப் பிரிந்த நாள்.

இவ்வாண்டு சாவி கொடுத்தோம். அரை நாள்கூட ஓடவில்லை. தம்பியின் முகம் வாடிவிட்டது. "அண்ணா, சர்வீசுக்குக் கொடுத்துவிடுவோம்" என்றான். கழற்றித் துடைத்து எண்ணெய் விட எழுநூறு ரூபாய் ஆகுமாம். அந்தப் பணத்துக்குக் கடையிலே புதுக் கடிகாரமே கிடைக்கும்! கட்டாத கடிகாரத்துக்கு எழுநூறா என்று கேட்டது நம் மனத்தின் ஒரு பாதி. பெற்றவருக்குச் செலவிடக் கணக்குப் பார்க்கிறாயே, நீயும் ஒரு பிள்ளையா என்று இடித்துரைத்தது மறு பாதி. அறிவு ஒரு பக்கம் இழுக்க, அன்பு ஒரு பக்கம் இழுக்க, நடுவிலே நின்று நாம் விழித்தோம். சிறு பொருள்தான், சில்லறைச் செலவுதான். ஆயினும் ஒரு பொருளை வைத்திருப்பது வேறு, பேணுவது வேறு என்பதை நாம் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை என்பதை அந்தச் சிறு பொருள்தான் காட்டிற்று.

அந்தக் கடிகாரத்தின் கதையைச் சிறிது சொல்லவேண்டும்.

தந்தையார் கோவையிலே ஒரு பஞ்சாலைத் தொழிலாளி. ஆலைச் சங்கு ஊதினால் எழுவார். சங்கு ஊதினால் நுழைவார். சங்கு ஊதினால்தான் வெளியே வருவார். காலம் என்பது ஆலைக்காரரின் சொத்தாக இருந்தது. சுவரிலே தொங்கிய கடிகாரமும் அவருடையது, சங்கும் அவருடையது, சங்கை ஊதும் கையும் அவரிடம் கூலி வாங்கும் கை! வேலை முடியவேண்டிய நேரத்தில்தான் சங்கு ஊதுகிறதா என்று கேட்கத் தொழிலாளியிடம் என்ன சான்று இருந்தது? வயிறு சொல்லும், கால் கடுப்பு சொல்லும். அவற்றின் சாட்சியத்தை எந்த மேலாளர் ஏற்பார்?

1968ஆம் ஆண்டுப் போனசில் அவர் அந்தக் கடிகாரத்தை வாங்கினார். 'எச்.எம்.டி. ஜனதா' – பதினேழு கல் வைத்தது. நாள்தோறும் கையால் சாவி கொடுக்கவேண்டியது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரிலே அரசு தொடங்கிய தொழிற்சாலையின் படைப்பு. அதற்கு முன் கைக்கடிகாரம் என்றால் பெரும்பாலும் சுவிட்சர்லாந்துச் சரக்கு. செல்வர் மணிக்கட்டுக்கே உரியது. 'ஜனதா' என்றால் மக்கள். பெயருக்கேற்ப மக்கள் கைக்கு அது வந்தது.

முதல் மாதம் முழுதும் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. வானொலியின் மணி அறிவிப்போடு காலையிலே ஒத்துப் பார்ப்பார். மாலையிலே சங்கு ஊதும்போது மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். ஒரு சிறு ஏட்டிலே குறித்துக்கொள்வார். நான்கு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் – சங்கு எப்போதும் பிந்தியே ஊதிற்று. ஒரு நாளாவது முந்தி ஊதியதில்லை! நாளுக்கு நான்கு நிமிடம் என்றால், முந்நூறு வேலை நாளுக்கு 1,200 நிமிடம். இருபது மணி நேர உழைப்பு, ஒவ்வொரு தொழிலாளியிடமிருந்தும், ஓசைப்படாமல், இல்லை, சங்கின் ஓசையோடே எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்த ஏடு சங்கத்துக்குப் போயிற்று. சங்கத்திலிருந்து ஆலைக்குப் போயிற்று. அதன்பின் சங்கு நேரத்துக்கு ஊதிற்று. நேரத்தைக் காட்டிய கருவி மட்டுமன்று அது. தன் நேரம் தன்னுடையது என்று ஒரு தொழிலாளி சொல்லத் துணை நின்ற கருவி.

அதைத்தான் நாம் ஆண்டுக்கு ஒரு நாள் காதிலே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்!

பழுது பார்ப்பவரிடம் எடுத்துச் சென்றோம். ஒரு மேசை, ஒரு விளக்கு, கண்ணிலே பொருத்திய உருப்பெருக்கிக் கண்ணாடி – அவ்வளவே அவர் கடை. நாற்பது ஆண்டாக அந்த மேசைக்கு முன் அமர்ந்திருப்பவர். அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பின்மூடியைத் திறந்தார், நெடுநேரம் பார்த்தார், நிமிர்ந்து கேட்டார்: "இதைக் கட்டப் போகிறீர்களா, ஐயா?"

"இல்லை. நினைவாக வைத்திருக்கிறோம்."

"அப்படியானால் இப்போது சர்வீஸ் வேண்டாம்."

எழுநூறு ரூபாய் வருவாயை வேண்டாம் என்கிறாரே! ஏன் என்று கேட்டோம். பாடம் நடத்துவது போல விளக்கினார். சாவி கொடுத்தால் உள்ளேயுள்ள வில் சுருள்கிறது. அது விரியும் விசை பற்சக்கரங்கள் வழியே சென்று, இங்குமங்கும் ஆடும் சிறு சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மணிக்கு 18,000 அடி, நொடிக்கு ஐந்து, நாளொன்றுக்கு 4,32,000. சக்கரங்களின் முனைகள் மயிரிழை போன்றவை; செயற்கைச் சிவப்புக் கற்களில் குடைந்த குழிகளிலே சுழல்பவை. ஒவ்வொரு குழியிலும் குண்டூசித் தலையைவிடச் சிறிய எண்ணெய்த் துளி. கடிகாரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த எண்ணெய்க்கு மூப்பு உண்டு. சில ஆண்டுகளில் தடித்துப்போகும், காய்ந்துபோகும். இன்று புது எண்ணெய் விட்டுப் பேழையிலே வைத்தால், அதுவும் பேழையிலேயே காயும். நிற்கின்ற கடிகாரம் தேய்வதில்லை. எண்ணெய் காய்ந்தபின் ஓட்டப்படும் கடிகாரம்தான் தேய்கிறது. தூசியும் பிசினும் கலந்து எஃகு முனையை அராவுகின்றன.

பிறகு அவர் சொன்னதுதான் நம்மைச் சுட்டது. "ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறீர்களே, அதுதான் இதற்குக் கெடுதல்."

அன்பென்று எண்ணிச் செய்தோம், அராவிக்கொண்டிருந்தோம்! மாதம் ஒருமுறை ஓட்டினால் எண்ணெய் உறையாது என்று கூறுவோரும் பலர். ஓட்டுவதால் எண்ணெய்க்கு இளமை திரும்புவதில்லை. ஓசை கேட்டு நாம் மகிழலாம். அந்த மகிழ்ச்சிக்கு விலை கொடுப்பது கடிகாரம்.

இங்கே ஒரு பெருங் கடிகாரத்தின் நினைவு வந்தது. தச்சர் மகன் ஜான் ஹாரிசன், 1759இல் செய்து முடித்த கடற்கடிகாரம். அவர் செய்தவற்றுள் நான்காவது. நடுக்கடலிலே கப்பல் எங்கே நிற்கிறது என்றறியச் சரியான நேரம் வேண்டும். அது இல்லாமல் பாறையிலே மோதி மாண்டவர் எண்ணற்றோர். 1761இல் அக்கடிகாரம் ஜமைக்காவுக்குப் பயணமானது. 81 நாட்களில் ஐந்தே நொடி பிழைத்தது. பின்னாளில் ஹாரிசனின் கடிகாரங்கள் கிரீன்விச்சிலே கேட்பாரற்றுக் கறையேறிக் கிடந்தன. 1920இல் ரூபர்ட் கூல்ட் என்ற கடற்படை அதிகாரி அவற்றைக் கண்டார். கூலி பெறாமலே பல்லாண்டு உழைத்துச் செப்பனிட்டார். இன்று அங்கே முதல் மூன்று கடிகாரங்களும் ஓடுகின்றன. அவற்றுக்கு எண்ணெய் வேண்டாத அமைப்பு. நான்காவதற்கு எண்ணெய் வேண்டும், ஓடினால் தேயும். ஆகவே, புகழிலே முதலாவதாகிய அந்தக் கடிகாரத்தை ஓடவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பேணத் தெரிந்தவர்களின் செயல் அது. அதன் ஓசையைக் கேட்க ஆசை அவர்களுக்கு இராதா?

அப்படியே நாமும் செய்துவிட்டால் என்ன? சாவியைத் தொடாமல், கண்ணாடிக்குள் வைத்து, பார்த்துக்கொண்டே இருந்தால் போதாதா? தம்பியின் கட்சி ஏறத்தாழ இதுதான். ஆனால் ஹாரிசனின் கடிகாரம் உலகில் ஒன்றே ஒன்று. தேய்ந்துபோனால் உலகுக்கு இழப்பு. நம்முடையது ஆயிரக்கணக்கில், அல்ல, இலட்சக்கணக்கில் செய்யப்பட்டவற்றுள் ஒன்று. அவ்வாறு செய்யப்பட்டதுதான் அதன் பெருமையே! ஒரு மணிக்கட்டிலே கிடந்து, வியர்வையிலே நனைந்து, தேய்ந்து, துடைத்து, மீண்டும் ஓடுவதற்கென்று பிறந்தது. அதை அருங்காட்சிப் பொருளாக்குவது தந்தையாருக்குச் செய்யும் மரியாதையா, அல்லது அவரிடமிருந்து அதைப் பறிப்பதா?

கட்டுவதென்றால் யார் கட்டுவது? இங்கே நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. நம் கையிலே ஓடுவது மின்கலத்தால் ஓடும் கடிகாரம். அதனுள்ளே ஒரு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சாவி கொடுக்கும் தொல்லையில்லை. 1969இல் டோக்கியோவிலே அத்தகைய முதல் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தபோதே சாவிக் கடிகாரத்தின் காலம் சரியத் தொடங்கிவிட்டது. 1987 முதல் நம் ஓசூரிலேயே அவ்வகைக் கடிகாரம் ஆயிற்று, எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட 2016இல் நடுவணரசு முடிவு செய்தது. தந்தையாரின் கடிகாரத்தை நாம் நாள்தோறும் கட்டப்போவதில்லை. இதை வாய்விட்டுச் சொல்லவே நமக்கு மூன்று நாள் பிடித்தது.

தம்பியின் மகள் செவிலியர் பயிற்சியில் இருக்கிறாள். நாடியைப் பிடித்து எண்ண நொடிமுள் வேண்டும். பேச்சு நடந்தபோது அருகில் இருந்தவள், "பெரியப்பா, நான் கட்டிக்கொள்கிறேனே" என்றாள்.

தம்பிக்குத் திகைப்பு. விழுந்து உடைந்தால்? தொலைந்தால்? மருத்துவமனைத் தண்ணீர் உள்ளே இறங்கினால்? அச்சம் பொய்யன்று, அந்தக் காலத்துக் கடிகாரம் தண்ணீர் தாங்காது. கை கழுவும்போதெல்லாம் கழற்றவேண்டும் என்றோம் அவளிடம். நாள்தோறும் ஒரே நேரத்தில் சாவி கொடுக்கவேண்டும். ஒரு நிமிடம் முந்தும், பிந்தும். சில ஆண்டுக்கு ஒருமுறை எழுநூறோ எண்ணூறோ அவளே செலவிடவேண்டும் என்றோம். தலையசைத்தாள். எவ்வளவு விளங்கிற்றோ தெரியாது. தந்தையாருக்கும் முதல் நாள் எவ்வளவு விளங்கியிருக்கும்!

பழுது பார்ப்பவர் அன்று பின்மூடியின் நைந்துபோன வளையத்தை மட்டும் மாற்றினார். உள்ளே துரு இல்லை; ஈரம் புகாமல் வைத்திருங்கள் என்றார். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். கட்டப்போகிறவரை அழைத்து வந்தால் அன்றே கழற்றித் துடைத்து எண்ணெய் விடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் எழுபதை நெருங்கும் வயது.

தம்பி இன்னும் இசையவில்லை. அப்பாவின் கையிலிருந்து நேரே இந்தப் பெண்ணின் கைக்கா என்று கேட்கிறான். நேற்று பேழையைத் திறந்து பார்த்தோம். முள் மூன்றேகாலில் நிற்கிறது. விரல் பழக்கத்தால் சாவியைத் தேடிற்று, மூடிவைத்துவிட்டோம்.