துணை நிற்றல் என்னும் அறம்

"படிப்பைப் பாதியில் நிறுத்தாதே" என்று ஒரு சிறுவனிடம் கூறுவது எளிது. அவ்வாறு கூறுபவர் இழப்பது ஒன்றுமில்லை. அந்த அறிவுரையைக் கேட்டு நடந்தால் அவனுடைய குடும்பம் ஒரு நாள் கூலியை இழக்கிறது. உடல்நலம் குன்றிய தாய்க்கு உதவும் கை ஒன்று குறைகிறது. விலையைப் பிறர் கொடுக்க, அறிவுரையை மட்டும் நாம் வழங்குவது அறமாகுமா?

இக்கேள்விக்குத் தென் திருவிதாங்கூர் மண்ணில் நூறாண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்திருக்கிறது.

விலையில் பங்கேற்றவர்கள்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உள்ளது அமரவிளை. அங்கிருந்து வடக்கே சில கல் தொலைவில் ஊரூட்டம்பலம் என்னும் சிற்றூர் இருக்கிறது. தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று திருவிதாங்கூர் அரசு ஆணையிட்ட பின்னரும் பள்ளிக் கதவுகள் அவர்களுக்குத் திறக்கவில்லை. அக்காலத்தில் அய்யன்காளி, பஞ்சமி என்னும் புலையர் குலச் சிறுமியை இவ்வூர்ப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். கலகம் மூண்டது, பள்ளி தீக்கிரையாயிற்று. எரிந்த பெஞ்சு ஒன்று இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. 2022-இல் கேரள அரசு அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவரின் பெயரையும் சூட்டியது.

'எங்கள் பிள்ளைகளுக்குக் கல்வி இல்லையேல், உங்கள் வயல்களில் எங்கள் உழைப்பு இல்லை' என்ற உறுதியோடு உழவுத் தொழிலாளர்கள் அவர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். நிலங்கள் தரிசாகக் கிடந்தன. பட்டினி கிடந்த குடும்பங்களுக்குக் கடற்கரை மீனவர்கள் தம் தொழிலில் இடம் கொடுத்து உதவினர். வெங்கானூரில் அய்யன்காளி நிறுவிய பள்ளிக்குக் கற்பிக்க வந்த ஆசிரியருக்கும் எதிர்ப்பு இருந்தது. ஆகவே அவர் வரும்போதும் போகும்போதும் துணைக்கு ஆட்கள் நடந்து சென்றனர்.

இந்நிகழ்ச்சிகளில் ஓர் உண்மை புலப்படுகிறது. ஒரு குழந்தை வகுப்பறையில் அமர்ந்திருக்க வேண்டுமென்றால், வகுப்பறைக்கு வெளியே பலர் அதற்கான சுமையைத் தாங்க வேண்டும்.

சட்டம் நிற்கும் இடம்

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அது 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு உரியது. ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர் பலர் அந்த வயதைக் கடந்தவர்கள். கூலி வேலை கைக்கு எட்டுவதும், தோல்வி வெட்கத்தைத் தருவதும் அந்தப் பருவத்தில்தான். தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் எல்லைச் சிற்றூர்களில், வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியுமாகப் பயிலும் பிள்ளைக்குத் தயக்கம் இன்னும் கூடும். பள்ளியில் சேர்ப்பதை ஓர் ஆணை செய்துவிடும். அங்கே நிலைக்கச் செய்ய மனித உறவு வேண்டும்.

'அவனுடைய வாழ்க்கை அவனுடைய விருப்பம். அதில் நாம் தலையிடுவது ஆணவமன்றோ?' என்று சிலர் வினவலாம். இது புறக்கணிக்கத்தக்க ஐயமன்று. வழிகாட்டுபவர் தம் விருப்பத்தைப் பிள்ளையின்மீது சுமத்தும் அபாயம் உண்மையிலேயே உண்டு. ஆயினும் பசியும் வெட்கமும் நெருக்கும்போது பதினைந்து வயதுச் சிறுவன் எடுக்கும் முடிவைச் சுதந்திரமான முடிவு என்று கூற இயலாது. அந்த நெருக்கடியைக் குறைப்பது அவனுடைய சுதந்திரத்தைப் பறிப்பதன்று. அதை அவனுக்கு மீட்டுத் தருவதாகும்.

நாம் செய்யக்கூடியவை

ஒரு மாணவன் மூன்று நாட்கள் தொடர்ந்து வரவில்லையெனில், அவனது வீட்டிற்குச் செல்லுங்கள். கண்டிப்பதற்காகச் செல்ல வேண்டாம். காரணத்தைக் கேட்டறியச் செல்லுங்கள். பேருந்துக் கட்டணமோ, மூக்குக் கண்ணாடியோ, மாலையில் விளக்கடியில் அமர்ந்து படிக்க ஓர் இடமோ கிடைக்காததால்கூடப் படிப்பு நின்றிருக்கும். அதில் நம்மால் இயன்ற பங்கை ஏற்போம்.

ஏற்ற பொறுப்பை இடையில் கைவிடலாகாது. முன்பே பலரால் கைவிடப்பட்ட பிள்ளைக்கு, பாதியில் விலகும் வழிகாட்டி மேலும் ஒரு காயமாகி விடுகிறார். குறைந்தது ஒரு கல்வியாண்டு முழுவதும் உடனிருக்க இயலுமா என்று நம்மை நாமே வினவிய பின்னரே தொடங்க வேண்டும். அந்தப் பிள்ளையிடம் நன்றியையும் எதிர்பார்க்கலாகாது. நன்றியைக் கேட்டுப் பெறும் உதவி கடனாகிவிடும். கடன்பட்ட பிள்ளை நம்மைக் கண்டு ஒதுங்கத் தொடங்கும்.

'எனக்கு அவ்வளவு படிப்பில்லையே' என்று தயங்குவோர்க்கு அய்யன்காளியின் வாழ்வே விடை. அவர் எழுதப் படிக்க அறியாதவர். 1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்கானூருக்கு வந்தபோது, தம் மக்களில் பத்துப் பேராவது பி.ஏ. பட்டம் பெறுவதைத் தாம் இறப்பதற்கு முன் காண வேண்டும் என்று அவர் தம் ஆவலை வெளியிட்டார். தாம் பெறாத கல்வியைப் பிறர் பெறுவதற்காகத் தம் வாழ்நாளையே அவர் செலவிட்டார்.

நம் தெருவிலும் வருகைப் பதிவேட்டிலிருந்து மெல்ல மறைந்துகொண்டிருக்கும் ஒரு பெயர் இருக்கக்கூடும். அந்தப் பெயர் யாருடையது என்று இவ்வாரமே கேட்டறிவோம்.