நிகழ்காலத்தில் ஒரு மன்றாட்டு

எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் மன்றாட்டுச் சொல்லும் நேரம் வந்தால் யார் என்ன சொல்வார்கள் என்பது எனக்கு மனப்பாடம். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை நிலைக்க வேண்டும். பேத்திக்குக் காய்ச்சல் விட வேண்டும். போர்வெல்லில் தண்ணீர் வர வேண்டும். நான் இரண்டு வருடமாக "அம்மா மூட்டுவலிக்காக" என்று சொல்லிவந்தேன். அம்மாவுக்கு மூட்டுவலி இருந்தது உண்மைதான். ஆனால் ஆண்டவரிடம் நான் கேட்க நினைத்தது அது இல்லை.

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். நெஞ்சில் யாரோ கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கும். இந்தப் பகலை எப்படித் தள்ளப்போகிறோம் என்ற பயம். ஆறு மணிக்கு எழுந்து சமைத்து, எட்டரைக்குப் பள்ளிக்குப் போய், பிள்ளைகளோடு சிரித்துப் பேசிவிட்டு வருவேன். கேட்டவர்களுக்குக் காரணம் சொல்லலாம் என்றால் எதுவுமே இல்லை. வீட்டில் சாவில்லை, கடன் இல்லை.

காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் துக்கத்துக்கு ஒரு மரியாதை கிடைக்கும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்தபோது கீரமங்கலம் பக்கம் எங்கள் பிறந்த வீட்டுக் கொல்லையில் தென்னையும் பலாவும் சாய்ந்து கிடந்தன. வந்தவர்கள் எல்லாரும் மரங்களை எண்ணினார்கள், கூடவே அழுதார்கள். அப்பா பலாவின் அடியில் உட்கார்ந்திருந்தபோது "எழுந்திரிங்க, விசுவாசம் வேணும்" என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கு அது சொல்லப்பட்டது. ஒருமுறை துணிந்து வாய்திறந்தபோது, எனக்கு வேண்டிய ஒருவர், "ஜெபம் பத்தல டீச்சர்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தனக்குத் தெரிந்த மருந்தைத்தான் எடுத்து நீட்டினார். ஆனால் அன்றிலிருந்து நான் பாரத்தோடு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமந்தேன்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குக் கண்ணால் கண்ட பாடுகள் நிறைய உண்டு. தெற்கே ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று புனித அருளானந்தர் தம் விசுவாசத்துக்காகத் தலை வெட்டுண்டார். அந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துவந்து வீட்டில் வைத்திருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தின் வடமேற்கே திருச்சியை ஒட்டிய ஆவூரில் பெரியநாயகி மாதா கோயில். வீரமாமுனிவர் பணி செய்த ஊர்களில் ஒன்று. பெரிய வெள்ளியன்று கல்வாரிப் பாடுகளைக் கேட்டு இங்கே கண்ணீர் விடாதவர் குறைவு. ஆணி, முள்முடி, ஈட்டி எல்லாம் நமக்குப் புரிகிறது. அதற்கு முந்தின இரவு, ஒலிவ மலையில், உடம்பில் ஒரு காயமும் படுவதற்கு முன்பே இயேசு தரையில் விழுந்து கதறியது நம் மனதில் ஏன் அவ்வளவு தங்குவதில்லை? சாகிற அளவுக்குத் துக்கமாக இருக்கிறது என்று அவர் தம் சீடர்களிடம் வாய்விட்டுச் சொன்னார், கூட இருங்கள் என்று கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். அவருக்கு விசுவாசம் குறைவு என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

நம்மிடம் இருக்கிற பெரிய குறை, சாட்சி சொல்லும் முறையில் இருக்கிறது. தியானக் கூட்டங்களில் மேடை ஏறுகிறவர்கள் எல்லாருமே இறந்தகாலத்தில் பேசுகிறார்கள். குடித்தேன், விட்டேன். நோயில் கிடந்தேன், எழுந்தேன். அந்தச் சாட்சிகளை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் இன்னும் எழுந்திருக்காதவன் எந்த மேடையில் ஏறுவான்? போராட்டம் முடிந்த பிறகுதான் பேச அனுமதி என்றால், நடுவில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அப்படி நடுவிலேயே இருந்த ஒருவர் அன்னை தெரசா. அவருடைய கடிதங்கள் 2007இல் புத்தகமாக வந்தன. 1946இல் டார்ஜிலிங் போகிற ரயிலில் அழைப்பைக் கேட்டவர் அவர். பணி தொடங்கியபின் கடவுள் இல்லாதது போன்ற ஒரு வெறுமை அவருக்குள் வந்து, சிறு இடைவெளி தவிர, சுமார் ஐம்பது வருடம் போகவே இல்லை. அந்தக் கடிதங்களை அழித்துவிடச் சொல்லியிருந்தார். திருச்சபை அவற்றைப் படித்து, எல்லாம் தெரிந்தே 2016இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அவர் பெயருக்கு மூலமான குழந்தை தெரசாளும் 1897இல் 24 வயதில் காசநோயில் சாகும்முன் கடைசி ஒன்றரை வருடம் இதே இருட்டில்தான் இருந்தார். நாம் பூ வைத்து மாலை போடும் படங்களுக்குப் பின்னால் இவ்வளவு இருந்திருக்கிறது என்று அறிந்த அன்று, எனக்கு அழுகை வந்தது. நிம்மதியில் வந்த அழுகை.

தவக்காலத்தில் ஒரு நாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வயதான சாமியார். "சாமி, எனக்கு வாழவே பிடிக்கல, இது பாவமா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கடைசியா எப்பம்மா நல்லாத் தூங்குன? சாப்புடுறியா?" என்றார். எலியாவின் கதையைச் சொன்னார். கர்மேல் மலையில் நெருப்பை இறக்கிய அதே தீர்க்கதரிசி, அதன்பின் ஒரு பெண்ணின் மிரட்டலுக்குப் பயந்து பாலைவனத்துக்கு ஓடி, ஒரு செடியின் நிழலில் படுத்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். வந்த தூதன் புத்தி சொல்லவில்லை. தணலில் சுட்ட அப்பமும் ஒரு குடுவைத் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி தூங்கினார். தூதன் மறுபடி எழுப்பி, சாப்பிடு, போகவேண்டிய தூரம் அதிகம் என்றான். "ரெண்டு தடவ சோறு போட்டுத் தூங்க விட்டாரும்மா ஆண்டவர். அப்புறந்தான் பேசுனார்" என்றார் சாமியார். பரிகாரமாக ஜெபமாலை சொல்லச் சொல்லவில்லை. டாக்டரிடம் போகச் சொன்னார்.

போனேன். 14416க்கும் ஓர் இரவு பேசினேன். 2022இல் தொடங்கிய அந்த இலவச மனநல எண்ணில், தமிழில் பேசலாம். மாத்திரை சாப்பிடத் தொடங்கினேன். எனக்குள் இருந்த கல் மறைந்துவிடவில்லை, எடை கொஞ்சம் குறைந்திருக்கிறது. என் விசுவாசம் அதை எடுத்துப் போடவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மூன்று மணி விழிப்பில் நான் தனியாக இல்லை என்பதை மட்டும் அது எனக்குக் கொடுத்தது. ஒலிவ மலையில் முகங்குப்புற விழுந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார், அவரிடம் சிரித்துக்காட்ட வேண்டியதில்லை. எனக்கு அது சின்ன விஷயம் இல்லை.

போன மாதம் அன்பியத்தில் என் முறை வந்தபோது, "எனக்கு மனசு சரியில்ல. இன்னும் சரியாகல. எனக்காக வேண்டிக்கங்க" என்றேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரோ "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று ஆரம்பிக்க, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டும்போது, பஸ் ஸ்டாண்டு அருகே கடை வைத்திருக்கும் அக்கா என் பக்கத்தில் வந்து மறுமுனையைப் பிடித்தார். எப்போதும் பேரனின் படிப்புக்காக மன்றாடுகிறவர். பாயைப் பார்த்துக்கொண்டே, "எனக்குந்தான் டீச்சர். மூணு வருசமா" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் அரை நாள் லீவு போட்டேன். அவர் கடையை மருமகளிடம் விட்டார். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வரிசை நீளமாக இருந்தது. அவர் ஒரு கையில் ஜெபமாலை, மறுகையில் எனக்கும் சேர்த்துக் கட்டிவந்த இட்லி.