அப்படியே போட்டுட்டு எப்படிப் போறது?

2021 மே மாதம் பெரிய மாமா கொரோனாவில் இறந்தபோது நான் பெங்களூரில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். தீர்த்தமலைக்கு நாலைந்து மணி நேரப் பயணம்தான். போகவில்லை. ஊரடங்கு, இ-பாஸ் என்று வீட்டில் சொன்னதெல்லாம் பொய்யில்லை. பயம் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் உடலை வாங்கி, மயானத்தில் மாமா பையனுக்குத் துணையாக நின்றது நாலு முஸ்லிம் இளைஞர்கள். அந்த அலைகளில் தமுமுக போன்ற அமைப்புகளின் தொண்டர்கள் பல ஊர்களில் மதம் பார்க்காமல் இதைச் செய்தார்கள்.

பிறகு அவர்களில் ஒருவருக்கு ஃபோன் செய்தேன். "எதுக்கு பாய் இவ்ளோ ரிஸ்க் எடுத்தீங்க?"

"நன்மை கிடைக்கும்ணே." கொஞ்சம் விட்டு, "அப்படியே போட்டுட்டு எப்படிண்ணே போறது?"

இரண்டும் ஒரே பதில் இல்லை. முதலாவதில் மறுமை இருக்கிறது, இரண்டாவதில் மதமே இல்லை. நம்பிக்கையில்லாத எனக்கு இரண்டாவதுதான் நிஜம் என்று தோன்றியது. அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

இஸ்லாமியச் சிந்தனையில் இது ஆயிரம் வருஷத்துச் சண்டை. நன்மை தீமையை வஹீ இல்லாமலே அறிவால் அறியலாம் என்றார்கள் முஃதஸிலாக்கள். இறைவன் ஏவியதால்தான் ஒன்று நல்லது என்றார்கள் அஷ்அரிகள். முஃதஸிலா தரப்பின் வலுவான உதாரணம் இது: மதமே இல்லாத ஒருவன், யாரும் பார்க்காத இடத்தில், சாகக் கிடக்கும் அந்நியனைக் காப்பாற்றுகிறான். கூலியும் இல்லை, புகழும் இல்லை. பின் ஏன்?

1111இல் இறந்த கஸ்ஸாலி 'அல்-முஸ்தஸ்ஃபா'வில் இதற்குப் பதில் சொல்கிறார். அவன் தன்னையே அங்கே கிடத்திப் பார்க்கிறான். ஒருவன் கண்டுகொள்ளாமல் கடந்து போவதைக் கற்பனை செய்கிறான். அந்த வலியைத்தான் போக்கிக்கொள்கிறான். அது மனித சுபாவத்தின் இளக்கம், அறிவின் தீர்ப்பு இல்லை.

முதலில் படித்தபோது எரிச்சல்தான் வந்தது. நல்ல மனுஷனைக்கூட விடமாட்டாரா இவர்? ஆனால் நானும் அன்று என்னைக் கிடத்திப் பார்த்தேனே! பையில் சுற்றிய என் உடலை. அந்தக் கற்பனைதான் என்னை வீட்டிலேயே உட்கார வைத்தது. சுபாவத்தை நம்ப முடியாது என்பதில் கஸ்ஸாலிக்கு நானே சாட்சி.

அதற்காக அவர் முழுசாக ஜெயித்துவிட்டார் என்றும் சொல்லமாட்டேன். ஜனாஸா கடமை ஃபர்ளு கிஃபாயா: சிலர் செய்தால் மற்றவர்மேல் நீங்கும், யாருமே செய்யாவிட்டால் எல்லோருக்கும் குற்றம். ஆனால் அது முஸ்லிமின் உடலுக்கு. அந்தக் கடமையில் என் மாமா வரமாட்டார். சட்டம் நின்ற இடத்துக்கு அப்பாலும் அந்தப் பையன்கள் நடந்தார்கள், நன்மை கிடைக்கும் என்று நம்பிக்கொண்டே.

நீங்க ஏன்ணே வரலை என்று அவர் அன்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "அத்தை சாப்பிடறாங்களாண்ணே?" என்றுதான் கேட்டார்.