ஓட்டுநர் எப்போ தூங்குவாரு?

ஆண்டு இறுதி விடுமுறைக்கு நாங்கள் ஆறு பேர் சேர்ந்து இந்தியாவுக்கு ஒரு பயணம் திட்டமிட்டோம். இடம், கர்நாடகக் கடற்கரையில் உள்ள கோகர்ணம். ஒரு பக்கம் மகாபலேஸ்வரர் கோயில். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். இன்னொரு பக்கம் குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் என்று அடுத்தடுத்து கடற்கரைகள். சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, கடலில் குளித்த மாதிரியும் ஆச்சு. வாட்ஸ்அப் குழுவுக்கு 'ரிலாக்ஸ் ட்ரிப்' என்றே பெயர் வைத்தோம்.

இரவு 11 மணிக்குப் பெங்களூரில் இறங்குவது. ஓட்டுநரோடு வாடகைக்கு எடுத்த வண்டி விமான நிலையத்தில் காத்திருக்கும். உடனே கிளம்பினால் மறுநாள் காலை கோகர்ணம். ஒரு ராத்திரி ஹோட்டல் காசும் மிச்சம், ஒரு பகலும் மிச்சம். "காடியிலேயே தூங்கிக்கலாம்லா" என்று ஒருவன் எழுத, எல்லாரும் சரி சொல்லிவிட்டோம்.

அப்போது குழுவில் இருந்த தங்கை ஒருத்தி கேட்டாள்: "நாம தூங்குவோம். ஓட்டுநர் எப்போ தூங்குவாரு?"

கொஞ்ச நேரம் யாரும் பதில் போடவில்லை. பிறகு ஒன்றொன்றாக வந்தன.

"அவங்களுக்கு அது பழக்கம்தான்." உண்மையாக இருக்கலாம். ஆனால் பழகிவிட்டார் என்பதால் உடம்புக்குத் தூக்கம் வேண்டாம் என்று ஆகிவிடுமா? விடியற்காலை இரண்டு மணிக்கு மேல் யார் கண்ணும் சொருகத்தான் செய்யும். பெங்களூரிலிருந்து கோகர்ணம் ஏறக்குறைய 490 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் போகும் கணக்கில் நாங்கள் மணியைக் கணக்குப் போட்டிருந்தோம். அங்கே கடைசிப் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் வளைவுப் பாதை. இருட்டு, லாரிகள், சில நேரம் குறுக்கே மாடு.

"சும்மாவா ஓட்டுறாரு? பேட்டா கொடுக்கிறோமே." சரி. ஆனால் பணம் கொடுத்து அவருடைய உழைப்பை வாங்கலாம். தூக்கத்தை வாங்கி நம் கணக்கில் போட்டுக்கொள்ள முடியாது. இந்தியாவில் 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சட்டம் எழுதினார்கள். அப்படி ஒரு எல்லை தேவைப்பட்டதற்குக் காரணம் நம்மைப் போன்ற பயணிகளும்தான்.

மூன்றாவது பதில்தான் என்னை யோசிக்க வைத்தது. நாங்கள் அந்த ஓட்டுநரையே கூப்பிட்டுக் கேட்டோம். தமிழ் பேசுகிறவர். "எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, நைட்டே போயிடலாம்" என்றார். அவரே சம்மதித்த பிறகு நமக்கென்ன? அப்படித்தான் முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் முடியாது என்றால் சவாரி வேறு ஒருவருக்குப் போய்விடும் என்ற நிலையில் இருப்பவர் வேறு என்ன சொல்வார்? மறுக்க வழியில்லாதவரின் 'சரி'யை நம் மனசாட்சிக்குச் சான்றிதழாக மாட்டிக்கொள்ளலாமா?

கோகர்ணத்தின் தலக்கதை நம்மில் பலருக்குத் தெரியும். சிவனிடம் ஆத்மலிங்கத்தை வாங்கிக்கொண்டு இலங்கைக்குப் போகிறான் இராவணன். வழியில் தரையில் வைக்கக்கூடாது என்பது நிபந்தனை. மாலை வந்துவிட்டது, சந்தியாவந்தனம் செய்ய வேண்டும். அங்கே சிறுவன் வடிவில் நின்ற விநாயகரிடம் கொடுத்து, பிடித்துக்கொள் என்கிறான். கனம் தாங்க முடியாவிட்டால் மூன்று முறை கூப்பிடுவேன், வராவிட்டால் கீழே வைத்துவிடுவேன் என்கிறான் சிறுவன். மூன்று முறையும் கூப்பிட்டான். இராவணன் வரவில்லை. லிங்கம் தரையில் ஊன்றிவிட்டது. எவ்வளவு பலம் கொண்டு இழுத்தும் அசையவில்லை. அதனால்தான் மகாபலேஸ்வரர்.

இதை விநாயகரின் திருவிளையாடலாகத்தான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். அது சரிதான். ஆனால் இந்த முறை எனக்கு வேறொன்றும் தெரிந்தது. இராவணன் அந்த நேரத்தில் தப்பான காரியம் எதுவும் செய்யவில்லை; வழிபாடுதான் செய்துகொண்டிருந்தான். தன் சுமையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் கூப்பிடும்போது திரும்பிப் பார்க்க முடியாமல் போனதுதான் அவன் இழப்பு. விநாயகராவது வாய்விட்டுக் கூப்பிட்டார். வண்டி ஓட்டும் அண்ணன் கூப்பிடக்கூட மாட்டார். "ஒரு டீ குடிக்கலாமா தம்பி" என்பார். அதுதான் அவருடைய முதல் அழைப்பு.

நம்மில் பலர் வெள்ளிக்கிழமை சைவம். அஹிம்சையைப் பற்றிப் பட்டறைகளில் மணிக்கணக்கில் பேசுகிறோம். அது தட்டோடு நின்றுவிடுமா? நம் ஓய்வுக்காக இன்னொருவர் உடம்பை வருத்துவதும் ஹிம்சைதானே?

கடைசியில் திட்டத்தை மாற்றினோம். முதல் ராத்திரி பெங்களூரில் தூக்கம். மறுநாள் பகலில் சிவமொக்கா வரை மட்டும். அங்கே தங்கும்போது ஓட்டுநருக்கும் ஒரு கட்டில். வண்டி சீட்டில் அல்ல. அடுத்த நாள் சாகர் வழியாக ஜோக் அருவி. 253 மீட்டர் உயரம். மழைக்காலம் முடிந்து நீர் குறைந்திருந்தாலும் நின்று பார்க்க வேண்டிய இடம். பிறகு ஹொன்னாவர், கும்டா, கோகர்ணம். அங்கே கோயிலுக்கும் குட்லே கடற்கரைக்கும் நடந்தே போகலாம் என்பதால், ஒரு முழு நாள் அவருக்கு விடுமுறை. அன்றைய பேட்டா உண்டு. இரவு ஓட்டியிருந்தால் கிடைத்திருக்கும் கூடுதல் காசையும் கணக்கில் சேர்த்தோம். நம் நல்ல மனசுக்கு அவர் விலை கொடுக்கக்கூடாது அல்லவா?

ஆளுக்குக் கொஞ்சம் ரிங்கிட் கூடியது. கடற்கரையில் ஒரு நாள் குறைந்தது. ஒருவனுக்கு இன்னும் வருத்தம்தான். அவனையும் குறை சொல்ல மாட்டேன். வருஷத்தில் ஒரே விடுமுறை அவனுக்கு.

நீங்களும் இந்த விடுமுறைக்கு எங்காவது கிளம்பலாம். ஹோட்டல், சாப்பாடு, செலவு என்று பட்டியல் எழுதும்போது கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: ஓட்டுநர் எப்போ தூங்குவாரு? அதற்குப் பதில் எழுத முடிந்தால்தான் அது ரிலாக்ஸ் ட்ரிப்.