மயக்கம் தெளியும்வரை

1995 மே மாதம். டெல்லியில் ஒரு கிளினிக். 44 வயதுப் பெண், மணமாகாதவர், நிற்காத உதிரப்போக்குக்காக வந்தவர். லாப்ரோஸ்கோபிக்குக் கையெழுத்துப் போட்டார். தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்கலாம் என்றும் தாளில் இருந்தது. எதையும் எடுக்கலாம் என்று இல்லை. அவர் மயக்கத்தில் இருக்கையில் உதவி மருத்துவர் வெளியே வந்து அம்மாவிடம் சம்மதம் வாங்கினார். கருப்பையும் சினைப்பைகளும் எடுக்கப்பட்டன.

அந்த அம்மாவையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "பேஷண்ட்கூட வந்தது யாருங்க?" என்ற குரலுக்கு எழுந்து ஓடாதவர் நம்மில் யார்? உள்ளே மகள்; கதவருகே அவசரத்தில் நிற்கும் டாக்டர். அந்த நேரத்தில் 'வேண்டாம்' என்ற சொல் எந்தத் தாயின் வாயில் வரும்? மறுக்கவே முடியாத இடத்தில் நிற்பவரிடம் கேட்டு வாங்கியதை என்னவென்று சொல்வது?

அந்தப் பெண் தொடுத்த வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவர் நல்லெண்ணத்தோடு, நோயாளியின் நன்மைக்கென்றே செய்தார் என்பதை ஏற்றது. ஆனாலும் அது அனுமதியில்லாமல் உடம்புக்குள் புகுந்த செயல்தான் என்றது. உயிருக்கு ஆபத்தில்லை. சுயநினைவு தற்காலிகமாகத்தான் போயிருந்தது. விழித்ததும் அவரையே கேட்டிருக்கலாம். மருத்துவருக்குக் கட்டணம் கிடையாது, அந்தப் பெண்ணுக்கு இழப்பீடு 25,000 ரூபாய். தொகை அவ்வளவு குறைந்ததற்கும் அந்த நல்லெண்ணமே காரணம்.

அதே தீர்ப்பில் எனக்கு ஒப்பாத பகுதி ஒன்றுண்டு. நோயாளி அறிய விரும்புவதையெல்லாம் சொல்ல வேண்டும் என்ற அமெரிக்க அளவுகோல் இங்கே ஒத்துவராது, மருத்துவ உலகம் போதுமென்று கருதும் அளவுக்குச் சொன்னால் சரி என்கிறது. நாட்டின் வறுமையும் காரணமாகக் காட்டப்படுகிறது. கையில் காசில்லாதவருக்குத் தன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை குறைவா என்ன?

விழித்தபின் கேட்டுச் செய்வதென்றால் மறுபடி மயக்க மருந்து, மறுபடி செலவு, மறுபடி வலி. ஒரேயடியாக முடித்துவிட்டால் இதெல்லாம் மிச்சம்தானே? அன்புள்ள வீடுகளில் பிள்ளைகளைக் கேட்காமலே அவர்கள் படிப்பும் கல்யாணமும் இந்தக் கணக்கில்தான் முடிவாகின்றன. நீதிமன்றம் இந்த மிச்சத்தைச் சமாதானமாக ஏற்கவில்லை.

கேட்டிருந்தால் அவரும் சரி என்றே சொல்லியிருக்கலாமே என்பார்கள். சொல்லியிருக்கலாம். 44 வயதில் இனி என்ன என்று வெளியே நிற்பவர்களுக்குத் தோன்றுவதும் இயல்புதான். அவர் இழப்பீடு கேட்ட மனுவிலோ, தாயாகும் வாய்ப்பு பறிபோனதும் ஓர் இழப்பாக எழுதப்பட்டிருந்தது.