அழுக்கு யாருடையது?

சமையலறைத் தொட்டியில் கிடக்கும் பத்துப் பாத்திரங்களைத் தேய்க்கத் தெரிந்தவர்கள் அதற்கென்று ஒரு வரிசை வைத்திருப்பார்கள். பால் காய்ச்சிய பாத்திரத்திலும் மாவு காய்ந்த பாத்திரத்திலும் தண்ணீரை ஊற்றி முதலில் ஊறப் போடுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத தம்ளர், டவராவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, தட்டு, கரண்டி, குழம்புச் சட்டி என்று போய், அடிப்பிடித்த வாணலியைக் கடைசியில் எடுப்பார்கள். எச்சில் பருக்கையை வழித்து ஓரமாகச் சேர்க்காவிட்டால் தொட்டி அடைத்துக்கொள்ளும். எல்லாம் முடிந்தபின் தேய்த்த நாரையும் அலசிப் பிழிந்து வைத்து, தொட்டியையும் மேடையையும் கழுவித் துடைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. பழக்கமும் யோசனையும் கைப்பக்குவமும் சேர்ந்த வேலை இது. ஆனால் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு தொட்டி மறுபடி நிறைந்துவிடுகிறது என்பதாலேயே, செய்து முடித்த ஒரு வேலைக்கு உரிய மரியாதை இதற்கு எந்த நாளும் கிடைத்ததில்லை.

இந்த வேலைக்கு வரும் பெண்ணுக்குக் காபி கொடுக்கப் பல வீடுகளில் இன்றும் தனித் தம்ளர் இருக்கிறது. பின்கட்டு ஜன்னல் விளிம்பில், மற்றப் பாத்திரங்களோடு சேராமல் அது நிற்கும். வீட்டார் எச்சில் பட்ட அத்தனை தம்ளர்களையும் அவர் கைதான் சுத்தமாக்கித் தருகிறது. அவற்றில் குடும்பமே தயங்காமல் குடிக்கிறது. அவர் வாய் வைத்த தம்ளரை மட்டும் அவரே கழுவி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அந்த வீட்டில் இருப்பவர்கள் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவருக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள், பொங்கலுக்குச் சேலை எடுத்துத் தருவார்கள், ‘எங்க வீட்டு மனுஷி மாதிரி’ என்று மனதாரச் சொல்வார்கள். நல்ல மனம் உள்ள இடத்திலும் அந்தத் தம்ளர் அசையாமல் நிற்பதுதான் நம்மை யோசிக்க வைக்க வேண்டும்.

சுத்தம் என்பதை நாம் ஆளின் குணமாகப் பார்க்கப் பழகிவிட்டோம். ‘அவங்க வீடு ரொம்ப சுத்தம்’ என்று சொல்லும்போது நம் பாராட்டு வீட்டுக்காரருக்குப் போகிறது. பெருக்கித் துடைத்தவர் அந்தப் பேச்சில் வருவதில்லை. அழுக்கும் அப்படியே ஆளின் குணமாகிவிட்டது. பாத்திரத்திலும் துணியிலும் தரையிலும் இருந்த அழுக்கு தண்ணீரோடு போய்விட்டது என்பது கண்ணுக்குத் தெரிந்தும், அது கழுவியவர் மேல் ஏறிக்கொண்டதாகவே உள்ளூர நம்புகிறோம். இப்படி, அழுக்கை உண்டாக்கியவர் சுத்தமானவராகவும், அதைப் போக்கியவர் அழுக்கானவராகவும் ஆகிவிடுகிறார்கள். நம் அன்றாட வாழ்க்கையின் மிகப் பெரிய அநியாயங்களில் ஒன்று இந்தச் சின்னக் கணக்குப் பிழையில்தான் தொடங்குகிறது.

இது நேற்று வந்த பிழை அல்ல. வெள்ளாவி வைத்த காலத்தை எண்ணிப் பார்க்கலாம். ஊர்த்துணியை மூட்டை கட்டி எடுத்துப்போய், யார் வீட்டுத் துணி எது என்பதற்குச் சேராங்கொட்டைச் சாற்றில் குறி போட்டு, உவர்மண் கரைத்த நீரில் முக்கி, பானைமேல் அடுக்கி இரவெல்லாம் ஆவியில் அவித்து, விடிந்ததும் ஆற்றங்கரைக் கல்லில் அடித்து அலசி வெயிலில் விரிப்பார்கள் வண்ணார்கள். சூட்டில் கிருமி சாகும் என்பதைப் பள்ளிப் புத்தகம் சொல்லித்தர வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் தொழிலில் அது இருந்தது. பிள்ளை பெற்ற வீட்டுத் துணியும் மாதவிலக்குத் துணியும் சாவு வீட்டுத் துணியும் அவர்களிடம்தான் போயின. தீட்டு என்று சொந்தக்காரர்களே தொட அஞ்சியதை, அவர்கள் உடுத்தத் தக்கதாக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். ஊர் அதற்கு ஈடாகத் தந்தது களத்து நெல்லில் ஒரு பங்கும், இரவில் வீடு வீடாகப் போய் வாங்கும் சோறும்.

தலித் மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணாரின் நிலை இன்னும் கீழே இருந்தது. திருநெல்வேலிப் பகுதியில், கண்ணில் பட்டாலே தீட்டு என்று பகலில் நடமாட விடாமல் வைக்கப்பட்டிருந்த இம்மக்களைப் பற்றி 1932 டிசம்பரில் ‘தி இந்து’ நாளிதழில் செய்தி வந்தது. இரவில் மட்டுமே வெளியே வந்து, இருட்டிலேயே துணி வெளுத்து, விடிவதற்குள் மறைந்துவிட வேண்டிய வாழ்க்கை அது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவல் 1994இல் வெளிவந்தபோது, அந்த வாழ்க்கையின் பிற்காலத் தொடர்ச்சியை ஆரோக்கியம் என்ற பெண்ணின் வழியாகத் தமிழ் வாசகர்கள் அருகில் பார்த்தார்கள். ஒடுக்கப்பட்டவர்களும் தங்கள் அழுக்கை வெளுக்கிறவரைத் தங்களுக்குக் கீழே ஒரு படி இறக்கி வைக்கிறார்கள் என்பதுதான் அதில் நம்மை அதிகம் தொந்தரவு செய்கிற உண்மை. படிநிலை எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டு போனால், கடைசியில் கழுவுகிற ஒருவர் நிற்கிறார். பெரும்பாலும் அவர் பெண்ணாக இருக்கிறார்.

வீட்டுக்குள்ளும் இதே படி உண்டு. 2024ஆம் ஆண்டு இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்களை அதற்குச் செலவிடுகிறார்கள். அவ்வேலையில் கைகொடுக்கும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். சலவை இயந்திரம் வந்தபின் துவைக்கிற வேலையே போய்விட்டது என்று ஆண்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று பார்ப்பதும், சாயம் போகும் துணியைப் பிரித்து வைப்பதும், காலரிலும் கால்விளிம்பிலும் முன்கூட்டியே சோப்புப் போட்டுத் தேய்ப்பதும், உதறிக் காயப்போடுவதும், மழை வந்தால் ஓடிப்போய் எடுப்பதும், மடித்து அவரவர் அலமாரியில் வைப்பதும் இயந்திரம் செய்கிற வேலைகள் இல்லை. இயந்திரம் கையின் வலியைக் குறைத்தது. பொறுப்பு யாருடையது என்பதை அது மாற்றவில்லை.

அழுக்கு ஆளைப் பார்த்து ஒட்டுவதில்லை என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றை மருத்துவச்சிகள் பார்த்துக்கொண்டார்கள். மற்றொன்றில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். பிரசவக் காய்ச்சலில் தாய்மார்கள் அதிகமாகச் செத்தது படித்தவர்களின் பிரிவில்தான். பிணப் பரிசோதனை செய்த கையோடு அவர்கள் நேராகப் பிரசவ அறைக்கு வருவதே காரணம் என்று கண்டுகொண்ட இக்னாஸ் செம்மல்வைஸ், 1847 மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று கட்டளையிட்டார். ஏப்ரலில் 100 பேருக்கு 18 என்றிருந்த சாவு, ஜூனில் ஏறக்குறைய 2 ஆகக் குறைந்தது. இருந்தும் அவருடைய சக மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. நோயை எடுத்துப்போவது தங்கள் சொந்தக் கைகள்தான் என்பதை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. 1865இல் ஒரு மனநல விடுதியில் செம்மல்வைஸ் இறந்துபோனார். தன் கை சுத்தமானது என்ற நம்பிக்கை எத்தனை உயிரைக் குடிக்கும் என்பதற்கு அந்தப் பிரசவப் பிரிவின் கணக்கே சாட்சி.

நம் ஊரில் அந்த நம்பிக்கை கழிவுநீர்த் தொட்டியில் உயிரைக் குடிக்கிறது. மூடிக் கிடக்கும் தொட்டியில் மலம் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. குறைந்த அளவில் அது அழுகிய முட்டையாக நாறும். அளவு கூடினால் மூக்கின் மோப்பத்தையே மழுங்கடித்துவிடும். இறங்கியவர் நாற்றம் குறைந்துவிட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்து முற்றிய நேரம். சில மூச்சுகளில் மயங்கிச் சரிகிறார். தூக்கிவிட இறங்கும் இரண்டாமவரும் சரிகிறார். செய்தித்தாளில் ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவதற்கு இதுதான் காரணம். உலர் கழிப்பறையில் மனிதரைக் கொண்டு மலம் அள்ள வைப்பதை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக்குள்ளும் மலக்குழிக்குள்ளும் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. அப்படிச் செத்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தடை வந்து முப்பது ஆண்டு கழித்தும் இழப்பீட்டை உயர்த்த வேண்டியிருக்கிறது என்றால், சட்டத்தைவிட ஆழமான இடத்தில் ஏதோ ஒன்று இறந்தவர்களுக்கு எதிராக நிற்கிறது என்றுதான் பொருள்.

அந்த ஏதோ ஒன்றை மாற்றுவதற்குப் பதிலாக நாம் பாராட்டுகளைக் கொடுத்துப் பார்த்திருக்கிறோம். 1901 கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் கழிப்பறைகள் நாறிக் கிடந்தபோது, அது துப்புரவாளர் வேலை என்று தொண்டர்கள் ஒதுங்கிக்கொள்ள, காந்தி துடைப்பத்தை வாங்கித் தானே சுத்தம் செய்தார். அது பெரிய செயல்தான். தன் அழுக்கைத் தானே எடுப்பது இழிவில்லை என்று ஒரு தலைவர் செய்து காட்டியது அன்றைக்குப் புதிது. ஆனால் துப்புரவுத் தொழிலைப் புனிதமான சேவை என்று புகழ்வது, அதிலேயே அந்த மக்களைக் கட்டிப்போடும் என்று அம்பேத்கர் 1945இல் எழுதினார். விருப்பப்பட்டு ஒருநாள் துடைப்பம் எடுக்கிறவருக்கும், பிறப்பால் அதை விட முடியாதவருக்கும் உள்ள தூரத்தை அவர் சுட்டிக்காட்டினார். அந்தத் தூரம் இன்னும் குறையவில்லை. 2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் தூய்மைப் பணியாளர்கள் ஐந்து பேரின் கால்களைப் பிரதமர் கழுவினார். மறு ஆண்டு கொரோனா வந்தபோது ஊர் ஊராக அவர்களுக்கு மாலை போட்டோம். 2025 ஆகஸ்டில், தங்கள் மண்டலங்களைத் தனியாரிடம் கொடுக்காதீர்கள், பணியை நிரந்தரமாக்குங்கள் என்று சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன் அவர்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். நீதிமன்ற உத்தரவின்பேரில் 13ஆம் நாள் நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கேட்டது மரியாதையின் அடிப்படையான சம்பளமும் பாதுகாப்பும்.

எல்லோரும் எல்லாவற்றையும் தாங்களே கழுவிக்கொள்ள வேண்டும் என்பது இங்கே வாதமில்லை. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளுக்கும் உதவி தேவை. அந்த வேலையால் ஒரு குடும்பம் பிழைக்கிறது என்பதும் உண்மை. வேலையைப் பங்கிட்டுக்கொள்வதில் குற்றமில்லை. வேலையோடு இழிவையும் சேர்த்துக் கையில் கொடுப்பதுதான் குற்றம். மருத்துவமனையில் நோயாளியின் புண்ணைக் கழுவும் செவிலியரை நாம் இழிவாக நினைப்பதில்லை. கழுவுவது இழிவு என்பது இயற்கையில் இல்லை, நாம் சிலருக்கு மட்டும் ஏற்றிவைத்தது என்பதற்கு அதுவே போதும்.

ஏற்றிவைத்ததை இறக்கி வைக்கவும் நம்மால் முடியும். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றாமல் குப்பையில் போட்டால், நாளை காலை அதைப் பிரிக்கும் கையில்தான் அது ஏறும். நாப்கினைத் தனியாகச் சுற்றிக் கொடுப்பதும், மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரிப்பதும் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் நம்மிடம் கேட்டவை. வேறொருவர் நம் அழுகலைத் துழாவாமல் இருக்க அதைவிடக் குறைவாக எதைக் கேட்க முடியும்? வீட்டு வேலைக்கு வருகிறவருக்கு வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பும், நம் வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தும் உரிமையும் தருவதற்கு எந்தச் சட்டமும் வர வேண்டியதில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவ மகனுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் போதும்.

வீட்டு மலக்குழி நிரம்பினால் உறிஞ்சும் வண்டியைக் கூப்பிடுங்கள். அடியில் கொஞ்சம் தங்கிவிட்டது, ஆள் இறங்கி எடுத்துவிடுவான், இன்னும் ஐந்நூறு ரூபாய் கொடுங்கள் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அப்படி ஆளை வேலைக்கு வைப்பவருக்கு முதல் முறையே இரண்டு ஆண்டுவரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. தண்டனை இறக்கியவருக்கே. இறங்கியவர் மேல் சட்டம் எந்தக் குற்றத்தையும் சுமத்தவில்லை. நாமும் சுமத்தக் கூடாது.